அக்காவின் பல்லில் அடைத்திருந்த பாதரசம்

என் அக்காவுக்குக் கடைவாய்ப் பற்கள் சிலவற்றில் வெள்ளி நிறத்தில் அடைப்பு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று அடைத்துக்கொண்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் உள்ளே மங்கலாகத் தெரியும். அத்தனை வருடமும் அந்தப் பற்கள் அவளுக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. ரொட்டியை மென்றன, வெற்றிலையை மென்றன, அத்தானோடு சண்டை வந்தால் நறநறவென்று கடிபட்டன. ஒரு பாவமும் செய்யாத அந்தப் பற்களைச் சுத்தம் செய்யப் போய்த்தான் என் அக்கா தன் கிட்னியைப் பறிகொடுத்தாள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

அவள் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்பவள். அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். முதலில் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. பிறகு கொழுந்தில் பிழை வந்தது. கொழுந்து எடுப்பவளுக்கு விரல்தான் கண். விரல் தடுமாறினால் இளங்கொழுந்தோடு முற்றிய இலையும் சேர்ந்து வந்துவிடும். நிறுக்கிற இடத்தில் கங்காணி அதைப் பொறுக்கியெடுத்து எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டுவார். தோட்டத்தில் கை சுத்தமானவள் என்று பெயரெடுத்தவள் அக்கா. அந்த அவமானத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னுங் கொஞ்ச நாள்ல என்னைய கொழுந்து மலையில இருந்து எடுத்துட்டு புல்லு வெட்டப் போட்டுருவாங்கடி" என்று போனில் அழுதாள். அவள் இளைத்தும் போயிருந்தாள். அந்தக் குளிரிலும் அவளுக்கு வியர்த்தது. வயசாகிறது, அலைச்சல் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு ஒருவன் வந்தான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். பல் வைத்தியன் என்று அவன் தன் வாயால் சொல்லவில்லை. கோட்டைப் பார்த்து ஜனங்களே சொல்லிக்கொண்டார்கள். வாயில் வெள்ளி அடைத்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னான். அந்த அடைப்பில் பாதரசம் இருக்கிறது, அது உடம்புக்குள் கசிகிறது என்றான். கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி எல்லாம் அதனால்தானாம். கொழுந்து மலையில் நிற்கிற பெண்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத ஒருத்தியைக் காட்டினால் என் மூக்குத்தியைக் கழற்றித் தந்துவிடுகிறேன்.

அவனிடம் ஒரு பரிசோதனையும் இருந்தது. ஒரு மாத்திரையை விழுங்கக் கொடுத்தான். சில மணி நேரம் கழித்துச் சிறுநீரைப் பிடித்து வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் சிவப்புக் கோடு போட்ட ஒரு தாளோடு வந்து, "உங்க உடம்பு முழுக்க விஷம் அக்கா" என்றான். அடைப்பைத் தோண்டியெடுத்துவிட்டு, மருந்து கொடுத்து விஷத்தை வெளியேற்ற வேண்டுமாம். என் அக்காவுக்கு அதைக் கேட்டு ஒருவித நிம்மதி. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் அவள் சிநேகிதிக்கும் வாயில் வெள்ளி அடைப்பு உண்டு. அவள் மட்டும், "நீங்க மொதல்ல போயிட்டு வாங்க அக்கா, நான் பொறவு பாக்குறேன்" என்று பின்வாங்கிக்கொண்டாள்.

எனக்கு மனது கேட்கவில்லை. அரசாங்கப் பல் டொக்டரிடம் போய் நேராகக் கேட்டேன். நல்ல மனுஷன், நிதானமாகச் சொன்னார். "அடைப்பு உடையாம இருந்தா அதுல கை வைக்காதீங்க. அதக் கிளறி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூட வரும். பாதரசத்த வெளியேத்துற மருந்து, உண்மையிலேயே நஞ்சு ஏறுனவங்களுக்கு ஆஸ்பத்திரியில வச்சு, ரத்தம் பாத்துப் பாத்துக் குடுக்கிறது. சும்மா இருக்கிறவங்க சாப்பிடுற சாமான் இல்ல."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் எடுத்து ஒப்பித்தேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒனக்கென்னாடி, ஒன் கை நடுங்குனா சீலதான் கீழ விழும். என் கை நடுங்குனா நான் விழுந்துருவேன்."

ஹட்டனில் ஒரு மாடி அறையில் அந்த வெள்ளைக் கோட்டுக்காரனின் ஆட்கள் அடைப்பைத் தோண்டினார்கள். துணைக்கு நான்தான் போனேன். பல் ஆஸ்பத்திரியில் தண்ணீர் பீய்ச்சுவார்கள், வாயில் உறிஞ்சு குழாய் வைப்பார்கள். இங்கே இரண்டும் இல்லை. கரகரவென்று குடைந்தார்கள். அவள் துப்பியதெல்லாம் சாம்பல் நிறமாக வந்தது. துப்பாதது உள்ளே போயிருக்கும். குழிகளை வெள்ளையாக எதையோ வைத்து மூடினார்கள். வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்து, "பாரு, சினிமாக்காரி மாதிரி இருக்கேன்ல?" என்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதன் பிறகுதான் சுத்திகரிப்பு. பெயர் எழுதாத ஒரு போத்தலில் மாத்திரைகள் கொடுத்தான். விடியற்காலை வெறும் வயிற்றில் போட வேண்டும், நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். அவளுக்கு ஏற்கனவே சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. அதை அவன் கேட்கவில்லை. அவள் எங்கே நின்று வேலை செய்கிறாள் என்பதையும் அவன் கேட்கவில்லை.

கொழுந்து மலையில் கக்கூஸ் கிடையாது. மேலே கங்காணி நிற்பார், கீழே ரோட்டில் லொறி போகும், செடிக்குள் ஒதுங்கினால் அட்டை ஏறும். அதனால் எங்கள் பெண்கள் காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு வாய் சாயத்தண்ணி குடிப்பார்கள். பிறகு வேலை முடிகிற வரைக்கும் தண்ணீரைத் தொட மாட்டார்கள். வயசுக்கு வந்த நாளிலிருந்து பழகிய பழக்கம். இது யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. கூடப் போகிறவர்களைப் பார்த்து வந்துவிடுகிறது. அக்காவும் மாத்திரையை விடியலில் ஒழுங்காகப் போட்டாள். தண்ணீரை மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மொத்தமாகச் சேர்த்துக் குடித்தாள். வெயில் காய்ந்த நாளிலும் அப்படித்தான். நாள் முழுக்கக் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்துவிட்டோம், கணக்குச் சரி என்றே நினைத்திருக்கிறாள்.

கொஞ்ச நாளில் முகம் வீங்கியது. வாந்தி எடுத்தாள். விஷம் வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும் என்று அவன் போனில் சொன்னானாம், மாத்திரையை நிறுத்தக் கூடாதென்றும் சொன்னானாம். சிறுநீர் வருவது குறைந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி ஒருநாள் லயத்து வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டாள். சிநேகிதிதான் ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார், அக்காவுக்கு நான் தமிழில் சொன்னேன். இரண்டு கிட்னியும் போய்விட்டன, இனி மிஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சீனி வருத்தம் பாதியைத் தின்றிருக்கும், மிச்சத்தை மாத்திரையும் தண்ணீரில்லாத பகல்களும் முடித்திருக்கின்றன என்றார். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியவில்லை. சிவப்புக் கோடு போட்ட தாளைக் காட்டினேன். பாதரசத்தை இழுக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பார்த்தால் யாருக்குமே பாதரசம் கூடத்தான் காட்டும், உங்களுக்குப் பார்த்தாலும் காட்டும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் தமிழாக்கவில்லை. கை நடுங்கியதும், இளைத்ததும், வியர்த்ததும் கழுத்திலிருக்கிற தைரொயிட் சுரப்பியால் வந்தவை. ரத்தத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு ஒரு சின்னக் குளிசை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் நடுக்கம் நின்றது.

அக்கா நினைத்தது வேறு. "பாத்தியா, கிட்னி சீனியால போயிருச்சு. ஆனா அந்தப் போத்தல் மருந்து கை நடுக்கத்த நிப்பாட்டிருச்சு" என்று விரல்களை நீட்டி நீட்டிக் காட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். வாரத்தில் இரண்டு தடவை மிஷினில் கிடக்கிறவளுக்கு அந்த ஒரு சந்தோஷமாவது இருக்கட்டும் என்று விட்டேன். அப்போது விட்டது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு சிநேகிதி பார்க்க வந்தாள். பாணும் தோடம்பழமும் கொண்டுவந்திருந்தாள். போகும்போது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம நானும் பல்ல தோண்டிக்கப் போறேன். எனக்கும் கை லேசா நடுங்குது. அக்காவுக்கு நின்னுருச்சே" என்றாள்.

டொக்டர் சொன்னதையெல்லாம் கொட்டினேன். ரத்தத்தைச் சோதித்துப் பார், கிளினிக்குப் போ என்று கெஞ்சினேன், பிறகு திட்டினேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. "நீங்க ஆரம்பத்துல இருந்தே வேணாம்னுதானே சொல்றீங்க. அக்கா வாயால சொல்லட்டும், போகல."

மறுவாரம் அக்கா மிஷினில் படுத்திருக்கும்போது அந்தத் தைரொயிட் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் குனிந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "காலையில போடுற அந்தச் சின்னக் குளிசையா?"

"ஆமாக்கா."

"அத மொதல்லயே போட்டிருந்தா?"

"நடுக்கம் நின்னுருக்கும்."

"அப்ப பல்லு?"

"பல்லுல ஒண்ணுமே இல்லக்கா."

கிட்னியைப் பற்றி அவள் கேட்கவில்லை. போனைக் கேட்டாள். நான் சிநேகிதியின் நம்பரைப் போட்டு அவள் காதில் வைத்தேன். "புள்ள, போகாத. எனக்குக் கை நின்னது அதனால இல்லையாம். கேளு, போகாத" என்றாள். அந்தப் பக்கம் சிநேகிதி ஏதோ நீளமாகப் பேசினாள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தை விலக்கிக்கொண்டாள். நான் போனை அணைத்தேன்.

"போகமாட்டேன்னுட்டா" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு கேக்குறா. அப்ப ஒங்களுக்கு எதுக்கு அக்கா இப்படி ஆச்சுன்னு கேக்குறா. நான் என்னா சொல்லட்டும்? நீயே சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.