சேவியர் அண்ணாச்சியின் மூன்று புள்ளிகள்

சேவியர் அண்ணாச்சி இறந்த செய்தி எனக்கு மெயிலில் வந்தது. நான்தான் திறக்கவில்லை. என் போன் பழுது பார்க்கும் கடையில் கிடந்தது. அம்பாசமுத்திரத்தில் தம்பி வீட்டுக் கணினியில் மெயில் பெட்டியை மட்டும் பார்த்தேன். அண்ணாச்சியின் முகவரியிலிருந்து ஒன்று வந்திருந்தது. சப்ஜெக்ட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகள். பூட்டிய செய்தி, சாவி என் போனில். அவர்தானே, பைய பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாலை போன் வந்ததும் திறந்தேன். எழுதியிருந்தது அவர் மனைவி பிலோமினா அக்கா. "அவங்க நெஞ்சுவலில போயிட்டாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம். உடனே வாங்க." அடக்கம் முடிந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த மூன்று புள்ளிகளை வைத்ததே அண்ணாச்சிதான்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் அரட்டைச் செயலி செய்தோம். பார்க்க அரட்டை, உள்ளே ஓடுவதெல்லாம் மெயில். செய்தியைப் பூட்டி அனுப்புவோம். ஆனால் மெயிலின் சப்ஜெக்ட்டுக்குப் பூட்டுக் கிடையாது, போகிற வழியில் யாரும் படிக்கலாம். செய்தியின் முதல் வரியையே அங்கே போடலாம் என்று சொன்ன மகாபுத்திசாலி நான். போன் கையில் இல்லாதபோதும் பெட்டியைப் பார்த்தாலே விஷயம் விளங்கும் அல்லவா!

ஒருநாள் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தன் வயிற்றில் கட்டி இருப்பதை வளைகுடாவில் இருக்கும் கணவருக்கு எழுதியிருக்கிறார். அவர் தங்கியிருந்த இடத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணினி; செய்தியைத் திறக்காமலே அந்த முதல் வரி திரையில் தெரிந்திருக்கிறது. "எம் மாப்பிள பாக்குததுக்கு முன்னால அங்கன உள்ள அத்தனை பேரும் பாத்துட்டாங்க. அவங்களுக்கே வேற ஆள் சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு" என்று அழுதார். அண்ணாச்சி எழுந்து நின்று, "தப்பு எம்மேலதாம்மா" என்றார். தப்பு என் மேல். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த அம்மா போனதும் என் பக்கம் திரும்பினார். "ஏம்வே, அறையப் பூட்டிட்டு, உள்ள என்ன இருக்குன்னு கதவுல எழுதி ஒட்டுவீரா? சப்ஜெக்ட்டையும் பூட்டுக்குள்ள வையும். செயலியில தொறக்கிறவனுக்குத் தெரியும். வெளிய மூணு புள்ளி போதும்."

போதவில்லை. ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர், பெட்டி முழுக்க ஒரே புள்ளியாக இருக்கிறது, எது அவசரம் என்று எப்படித் தெரியும் என்று போனில் கத்தினார். 'அவசரம்' என்ற ஒரு சொல்லையாவது வெளியே விடலாமே என்று நானும் மன்றாடினேன். "அவசரம்னு பாத்தா, என்ன அவசரம்னு கேக்க நாலு பேர் வருவான் வே" என்றார். மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அன்று விடாப்பிடியாக நின்றிருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பேனோ? அப்படி நினைப்பதே துரோகமோ? ஒன்றும் பிடிபடவில்லை.

அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "மொத வரியிலயே அதத்தான எழுதுனேன். அது வெளிய தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்க, இல்ல?" என்றார். ஆமாக்கா என்றேன். பிறகு, "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே கெடையாது" என்று சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

செயலியில் அந்தப் புள்ளிகளை இன்னும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமா என்றும் தெரியவில்லை. அவர் இருந்தால் சண்டை போட்டாவது முடிவு செய்திருப்போம். எதை அனுப்பினாலும் அதற்கு முன்னால், "இது வேற யாரு கண்ணுல படும்?" என்று ஒருமுறை கேட்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை மெயிலில்தான் அனுப்புகிறேன். அனுப்புமுன் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். யார் கண்ணில் பட்டாலும் படட்டும், அண்ணாச்சி. சப்ஜெக்ட்டில் பூட்டில்லாமல் எழுதியிருக்கிறேன்: "நம்ம சேவியர் அண்ணாச்சி இறந்துட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில அவங்களுக்காகப் பூசை."