அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்

அம்மா இறந்து சில மாதங்கள் கழித்து, அவள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைத்தது. அம்மா நிற்கிறாள். பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண். அவள் மடியில் கைக்குழந்தையாக நான்.

"இது யாருப்பா?"

அப்பா வெகுநேரம் பார்த்தார். "தெரியல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பதிலை நம்ப முடியாமல்தான் போன மார்ச்சில் இராஜபாளையத்துக்குக் கிளம்பினேன். படத்தின் பின்னால் அந்த ஊர் ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை இருந்தது.

சென்னையில் இரவு செங்கோட்டை ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஞாயிறு என்பதால் அதுவும் பூட்டியிருந்தது. கூட்டிவந்த ஆட்டோக்காரர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கழுத்துல சிலுவை கெடக்குல்லா? இவிய வேதக்காரவியக்கா. செத்த நேரத்துல சர்ச் விட்ருவாங்க, ஏறுங்க."

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்தவர்கள் கிடையாது என்று சொல்ல வந்தேன். ஆனால் எனக்கு என்ன தெரியும்? ஆட்டோவில் ஏறினேன்.

ஆராதனை முடிந்து வந்தவர்களில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். வயதான ஓர் அம்மா மட்டும் படத்தை மூக்கருகே கொண்டுபோய்ச் சிரித்தார்.

"நம்ம ஞானம்லா இது! பேண்டேஜ் கம்பெனில எங்கூட வேல பார்த்தா. இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்ல மக வீட்ல இருக்கா."

தெருவையும் அவரே சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

கதவைத் திறந்தவரின் நெற்றியும் மூக்கும் அப்படியே அப்பா. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையா நீ? உங்கம்மை வரலியா?"

சொன்னேன். கதவைப் பிடித்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கப்பனுக்கு அக்கா நான். வேதத்துல கல்யாணம் பண்ணுனேன்னு எங்கய்யா வீட்டுப் படி ஏறவிடல. உங்கப்பனும் பேசல. உங்கம்மைதான் யாருக்கும் தெரியாம ஒன்னயத் தூக்கிட்டு வந்தா. அத்தை மடியில பிள்ளை இருக்க மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும் மதினின்னா. பொறவு நீங்க சென்னைக்குப் போயிட்டிய. ஒரு தாக்கலும் இல்ல, ஒரு கடுதாசிகூட வரல."

அப்பாவுக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் அத்தையிடம் கொடுத்தேன்.

"ஏலே தம்பி, சாப்பிட்டியா?"

 மறுமுனையில் அப்பா அழுவது எனக்கே கேட்டது. சென்னையில் இத்தனை வருடத்தில் அவர் பேசிக் கேட்டிராத பேச்சில், "வாரேன்க்கா, அடுத்த வாரமே வாரேன்" என்றார்.

இப்படித் தேடிக் கிளம்புகிறவர்கள் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துப் போங்கள். செல்போன் திரையில் வயதானவர்களுக்கு முகம் பிடிபடுவதில்லை. மார்ச்சிலேயே வெயில் கடுமை; காலையிலேயே சுற்றி முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, தள்ளிப்போடாதீர்கள். அன்று சாயங்காலம் வரை அத்தை கேட்டதெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.