பேராச்சியின் கோதடிகள்

தாராவியில் பேராச்சி குடியிருக்கும் ஒற்றை அறைக் கோலிக்கு மூன்று பக்கமும் தகரச் சுவர். மழைக்காலம் முடிந்தால் துருத்தண்ணீர் இறங்கிய கறை மேலிருந்து கீழே கோடு கோடாகத் தெரியும். பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்கு மேல் நிற்காது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கறையை மறைக்கத்தான் தீபாவளிக்கு முதல் கோதடியைச் சுவரில் மாட்டினாள். பழைய சேலைகளை மடித்து அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் கோதடி. அந்தச் சந்தில் அதை விரித்துப் படுக்காத வீடு கிடையாது. சுவருக்கு உடுத்திப் பார்த்தவள் பேராச்சி மட்டும்தான்.

அவளுக்கு ஒரு தையல் கார்கானாவில் நூல் வெட்டும் வேலை. மிஞ்சிப்போகும் வெல்வெட், ஜரிகை, பூப்போட்ட துண்டு என்று மூட்டையில் கிடப்பதைப் பொறுக்கி வந்து வருஷம் முழுக்கத் தைப்பாள். மாட்டுவது புருஷன் ராஜபாண்டியின் வேலை. டாக்ஸி ஓட்டுகிற மனுஷன், தசரா முடிந்ததும் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிவிடுவார்.

"ஏட்டி, நேரா இருக்கா பாரு."

"எடப்பக்கம் ஏறிருக்கு. லேசா எறக்குங்க."

மாட்டி முடித்த கையோடு டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்களைக் கூட்டிவந்து விடுவார். "வந்து பாரும்வே. நம்ம கோலியா இது? ராஜா தர்பாருல்லா!"

அந்த மனுஷனுக்கு இந்த வருஷம் ஹோலி கழிந்த வாரத்தில் வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. யார் என்ன கேட்டாலும் "ம்மா" என்று ஒரு சத்தம்தான் வரும். சொல்வதில் எவ்வளவு அவருக்கு ஏறுகிறது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மகள் செல்விக்கு நிச்சயித்திருந்த கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்று சொந்தபந்தங்கள் சொன்னதால், ஆவணியில் கோயிலில் வைத்து முடித்தார்கள். மாப்பிள்ளை நம்பிராஜன் குடியிருப்பது பாலம் தாண்டி, கோபர்கைரனே என்ற ஊரில்.

ஆகவே இது செல்விக்குத் தலைத் தீபாவளி. மாப்பிள்ளை முதல்முறையாக வீட்டில் வந்து தங்கப்போகிறார். பேராச்சி வெளிவாசலில் உட்கார்ந்து வழக்கத்தைவிடப் பெரிதாகத் தைத்தாள். ஒரு கோதடிக்கு நடுவில் ராஜபாண்டியின் காக்கிச் சட்டையை வெட்டி வைத்தாள். கத்திரி போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. இனி எங்கே வண்டி ஓட்டப்போகிறார், பக்கத்திலேயே இருக்கட்டும் என்று வெட்டிவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் தூங்கும்போது, எதிர்வீட்டு சுலைகா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, எல்லாவற்றையும் மாட்டினாள். சிவப்பும் மஞ்சளும் மயில்நீலமுமாகக் கோலியே மாறிப்போயிற்று.

ராஜபாண்டி கண் விழித்தார். சுவரைப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. இடது கை காற்றில் அலைந்தது. கண்ணில் தண்ணீர்.

பேராச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளா? நல்லாருக்குல்லா?" என்று சிரித்துக்கொண்டே, அவர் தொட்டுப் பார்க்கட்டும் என்று ஒரு கோதடியின் ஓரத்தை இழுத்து அவர் கையருகே கொண்டுபோனாள். அவர் அவளுடைய மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்துத் தள்ளினார். முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார். அவர் வேட்டி நனைந்திருப்பதைச் சுலைகாதான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, அண்ணன் பயப்படுறாக. கழத்துங்க!"

சட்டையைப் பார்த்துத்தான் இப்படி என்று பேராச்சி நினைத்தாள். என்ன காரியம் செய்துவிட்டோம் என்று காக்கி வைத்த கோதடியை முதலில் கழற்றினாள். சத்தம் நிற்கவில்லை. அடுத்ததைக் கழற்றினாள். அப்போதும் நிற்கவில்லை. தகரம் முழுவதும் வெறுமையாகத் தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

பக்கத்துக் கிளினிக் டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டாள். மூளையில் அடிபட்டால் சிலருக்குக் கலரும் டிசைனும் அசைவது போலத் தெரியும், இவருக்கு என்ன தெரிகிறதோ சொல்ல முடியாது, கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். எப்போது சரியாகும் என்றதற்கு, பார்க்கலாம் என்றார்.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

"எம்மா, ஏன் ஒண்ணுமே மாட்டல?"

பேராச்சி நடந்ததைச் சொன்னாள். செல்விக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்பாவா பயப்படுதாவ? அவியதான மாட்டுவாவ!" என்று, இருப்பதிலேயே சின்னக் கோதடியை எடுத்து அவர் கால்மாட்டில் மெல்ல விரித்தாள். அதே அலறல். செல்வி அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வெளிவாசலில் போய் உட்கார்ந்து அழுதாள்.

நம்பிராஜன் கதவோரம் போய்ச் சந்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "அத்தை, வெளியில மாட்டுவமா? மாமாவுக்குத் தெரியாதுல்லா" என்றார். தீபாவளிக்குத் தொங்கவிட்ட கந்தீல் என்னும் காகிதக் கூண்டு விளக்குக்குக் கீழே, மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டின் கைப்பிடி நெடுக அவரே மாட்டினார். சந்தில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மொபைலில் படம் எடுத்தார்கள். "க்யா பாத் ஹை, ஆன்ட்டி!" என்று யாரோ மெச்சிக் கத்தினார்கள். பேராச்சி வெளியே வரவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்தி, வெடிச்சத்தத்துக்கு அதிரும் ராஜபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

கிளம்பும்போது செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் கொண்டு போகட்டாம்மா? எங்க வீட்டுல மாட்டுதேன்."

"எல்லாத்தையும் கொண்டு போ."

"அந்தக் காக்கி வச்சது?"

"அதையும்தாட்டி. இங்க வச்சு நான் என்ன செய்ய?"

ஆட்டோவில் மூட்டையை ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது ராஜபாண்டி இடது கையை நீட்டி, "ம்மா" என்றார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"என்ன வேணும்? தண்ணியா?"

அவர் தலையசைக்கவில்லை.

"ஃபேன் போடவா? முதுகு நோவுதா? செல்வியக் கேக்கியளா? இப்பத்தான போறா..."

எதற்கும் அவர் தலையசைக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மறுபடி "ம்மா" என்றார். பேராச்சி வேறு என்ன கேட்பதென்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.