நான் அழித்த ஜன்னல்கள்

போன வாரம் பிஸ்கட்டவே என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல் விற்பனைக்காரன் வந்தான். பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுப் பத்து வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அதன் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே பனிமூட்டம். ரிப்பேர் எல்லாம் முடியாது, மொத்தமாக மாற்றவேண்டும் என்று சிரித்தபடி சொன்னான். நான் போட்ட சத்தத்தில் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். பாவம், அவன் என்ன செய்வான்? எனக்கு இருந்தது ரொம்பப் பழைய கோபம்.

தொண்ணூற்றாறில், பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் நானும் சுகந்தியும் வேலை பார்த்தோம். நான் கரூர், அவள் திருச்சி. இருவருக்குமே எச்-ஒன் விசா. பக்கத்து ஊரில் பழைய நூலகம் ஒன்று. அதன் மர ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதுவது எங்கள் வேலை. மேலும் கீழுமாக நகரும் சாஷ் ஜன்னல்கள் அவை. பக்கச் சட்டத்துக்குள் கயிற்றில் ஜன்னலைத் தாங்கும் இரும்பு எடை தொங்கும். கயிறு நைந்திருந்தால் ஜன்னல் கண்ணாடியோடு தடாலென்று இறங்கும். என் கட்டைவிரல் அதற்குச் சாட்சி.

சுகந்தி ஏணியில் நின்று குத்தூசியால் மரத்தைக் குத்திப் பார்ப்பாள். நான் கீழே நின்று பென்சிலால் எழுதுவேன், அந்தக் குளிரில் பேனா எழுதாது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய மக்குப் பூச்சைச் சுரண்டினால் ஆளிவிதை எண்ணெய் மணக்கும். "டேய், எங்கண்ணனோட கிரிக்கெட் பேட் வாசனைடா!" என்று மேலிருந்து கத்துவாள். உடனே வேலைக்குத் திரும்பிவிடுவாள். "சட்டம் கல்லு மாதிரி இருக்கு. கீழ்க்கட்டை மட்டும் லேசா மக்கிருக்கு. ரிப்பேர்னு போடு."

ஏறக்குறைய எல்லாமே ரிப்பேர்தான். நூலகத்துக்காரர்களுக்கோ பிளாஸ்டிக் ஜன்னல்தான் வேண்டும். எங்கள் பாஸுக்கு அவர்களுடைய அடுத்த வேலையும் வேண்டும். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பென்சில்தானே, 'மாற்றவேண்டும்' என்று திருத்திக் கொண்டுவாருங்கள் என்றார். அதே மூச்சில், உங்கள் கிரீன் கார்டுக்கு ஆபீஸ் போட்ட பேப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்றும் விசாரித்தார். கழுத்தில் கத்தி வைப்பதை இவ்வளவு நாகரிகமாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் சுகந்தி பொரிந்தாள். "நான் குத்திப் பாத்த மரம்டா அது. மக்கிப்போச்சுன்னு எப்படி எழுதுவேன்? ரெண்டு பேரும் சேர்ந்து முடியாதுன்னா அந்தாளு என்ன பண்ணுவாரு?"

"கரெக்ட்," என்றேன். மண்டையை வேறு ஆட்டினேன்.

சனிக்கிழமை தனியாக ஆபீஸுக்குப் போனேன். ஒரு ரப்பர் தேயும்வரை அழித்தேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் 'மாற்றவேண்டும்' என்று முத்து முத்தாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன். ரப்பர் தூளைக்கூட நல்ல பிள்ளையாகத் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். த்தூ! படித்தவன் புத்தி!

சுகந்தி கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதமே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். வேலை போனால் விசாவும் போச்சு. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்குப் போய்விட்டாள். கல்லு மாதிரி இருந்த சட்டங்களைக் குப்பை லாரியில் அள்ளிப் போட்டார்கள். சூப்பர்வைசராக நின்று பார்த்தவன் நான்.

நாலைந்து வருஷம் கழித்து எனக்குக் கிரீன் கார்டு வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு காலிங் கார்டு வாங்கித் திருச்சிக்குப் பேசினேன். என்னை முடிக்க விடவில்லை அவள்.

"அதை விடுடா. நம்ம லைப்ரரி எப்படி இருக்கு?"

அதற்கு முந்தைய மாதம்தான் அதை இடித்திருந்தார்கள். ஜன்னல் முழுக்கப் பிளாஸ்டிக், இதில் காப்பாற்றுவதற்குப் பழசு என்று என்ன மிச்சம் இருக்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் கார் நிறுத்தக் கோடு போட்டிருந்தார்கள்.

"நல்லாருக்கு சுகந்தி," என்றேன்.