மாமா கொண்டுபோன நோட்டுகள்

என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற எண்ணம் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சும்மா சிரித்தால்கூட என் கை தானாகப் பைக்குப் போகும். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், அவர்கள் போர்டிங்கில் வளர்ந்தவர்கள் இல்லையே. ஒரே கூடத்தில் நாற்பது பெண்பிள்ளைகள், நாற்பது தகரப் பெட்டிகள். குளிக்கப் போகும்போது சீப்பு இருக்கும்; திரும்பி வந்தால் இருக்காது. கேட்டால் நாற்பது பேரும் சத்தியம் பண்ணுவார்கள்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த இல்லம். தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளைச் சேர்த்து, சோறும் துணியும் கொடுத்துப் படிக்கவைத்தார்கள். அப்பா பனையிலிருந்து விழுந்து செத்து, அடுத்த வருடமே அம்மாவும் காய்ச்சலில் போனபிறகு, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அங்கே விட்டவர் மாமா. அம்மாவுக்கு நேர் மூத்தவர். குலசேகரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிற வேலை. அவருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். அஞ்சாம் வகுப்போடு அவளை நிறுத்தியாயிற்று. அதற்குமேல் படிக்க தூரம் போகவேண்டும், ஃபீஸ் கட்டவேண்டும், வீட்டில் கைப்பிள்ளைகள் இரண்டு. போர்டிங்கில் சேர்க்கலாமென்றால் அதற்கும் வழி இல்லை. அவளுக்குத்தான் அப்பா இருந்தாரே, அதுதான் அவளுக்குக் குறை.

இதையெல்லாம் அப்போது நான் யோசித்ததே இல்லை. அவள் அம்மா மடியில் இருக்கிறாள், நான் இங்கே வரிசையில் நின்று கஞ்சி வாங்குகிறேன் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. மாமா என்னை இங்கே தள்ளிவிட்டார் என்று மனசுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பார்க்க வருவார். காலையில் பால் எடுத்து ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து, மூன்று மணிவாக்கில் கேட்டண்டை நிற்பார். விரல் இடுக்கில் பால் காய்ந்து கறுத்திருக்கும். கிட்டே வந்தால் புளித்த வாடை அடிக்கும். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். துண்டில் முடிந்து ஏத்தங்காய், நேந்திரங்காய்தான், வறுத்தது கொண்டுவருவார். கூடவே நெல்லிக்காய் அளவில் ஒரு ரப்பர் உருண்டை. வெட்டின மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்து உருட்டினது. பென்சில் எழுத்தை அது அழிக்கிற அழகைக் கடை ரப்பரிடம் பார்க்க முடியாது. "அழிக்கதுக்கு வச்சுக்கோ மக்கா" என்பார். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"எழுதித் தீந்த நோட்டு வல்லதும் இருக்கா?"

மூணாம் பாரத்துக்கு, அதாவது எட்டாம் வகுப்புக்கு, நான் போன வருடம்தான் இந்தக் கேள்வி தொடங்கியது. முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முடிந்த நோட்டுதானே என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் ஒரு தாளைத் திருப்பி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எழுத்து நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். கணக்கு நோட்டு, பூமிசாஸ்திரம், சரித்திரம் என்று மாதத்துக்கு ஒன்றாக மூன்று போயிற்று.

என் பெட்டிக்கு அடுத்த பெட்டி செல்லத்தங்கத்தினுடையது. அஞ்சுகிராமத்துப் பிள்ளை. அவள் மூளை என் மூளையைவிடக் கோணல்.

"ஏட்டி, ஒங்க மாமாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன என்னத்துக்குட்டி நோட்டு? கடையில எடைக்குப் போடுதாரு, கேட்டியா. கருப்பட்டி பொதியதுக்கு."

உடனே பெட்டியைத் திறந்து மிச்ச நோட்டுகளை எண்ணினேன். ஏனென்றால் அந்த வாரம்தான் டீச்சர் ஒரு குண்டைப் போட்டிருந்தாள். மூணாம் பாரம் கடைசிப் பரீட்சைக்கு வருடம் முழுவதும் நடத்தின பாடம் அத்தனையும் உண்டு. எங்களுக்குப் புத்தகம் மூன்று பேருக்கு ஒன்று. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதின நோட்டுதான் உண்மையில் புத்தகம். அந்தப் பரீட்சையில் முதலில் வருகிற இரண்டு பேரைத்தான் இல்லம் ஹைஸ்கூலுக்கு அனுப்பும். மற்றவர்களுக்கு லேஸ் அறை. தலையணையை மடியில் வைத்து, குண்டூசி குத்தி, நாள் முழுக்கக் குனிந்து லேஸ் பின்னவேண்டும். அந்த அறையில் இருந்த அக்காமார் நடக்கும்போதும் குனிந்தே நடப்பார்கள். எனக்கு டீச்சராக வேண்டும், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவேண்டும். அதற்கு வேண்டிய என் மூன்று நோட்டுகள் எங்கேயோ கருப்பட்டி சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அதற்குத் தோதாக, சமையலுக்குச் சுக்கு வாங்க எங்கள் இருவரையும் கோட்டாற்றுக் கடைக்கு அனுப்பினார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே நோட்டுத் தாள்! ஏதோ பிள்ளை எழுதின வாய்ப்பாடு. என் எழுத்து இல்லை, என் மையும் இல்லை. இருந்தும் செல்லத்தங்கம் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாமாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்வாரா என்ன? பொறி வைத்தால்தான் பிடிபடுவார் என்று தோன்றியது. அடுத்த மாதம் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில் கொட்டை எழுத்தாக எழுதினேன்: 'இந்த நோட்டை விற்கிறவன் கை அழுகிப் போகும்.' எழுதிவிட்டு ஒரு மண்டையோடும் வரைந்தேன். மாமாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கடைக்காரனுக்குத் தெரியுமே, அவன் பயந்து திருப்பிக் கொடுப்பான் என்பது என் யோசனை.

பொறியில் விழுந்தது. அதற்கடுத்த மாதம் வந்தபோது மாமா வறுத்த ஏத்தங்காயோடு அந்த நோட்டையும் நீட்டினார்.

"இது ஒனக்கு வேணுமாம்லா மக்கா. வச்சுக்கோ."

வேணுமாம் என்று இவருக்கு யார் சொன்னது? கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். என் சிவப்பு எழுத்துக்குக் கீழே பென்சிலில், பொடி எழுத்தாக ஒரே ஒரு சொல் இருந்தது. 'விற்கவில்லை.'

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விற்றவன் எவனாவது விற்றேன் என்று எழுதுவானா? யாரோ டீக்கடையில் இருந்த ஆளைப் பிடித்து எழுதி வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேட்ரனம்மாவிடம் ஓடினேன். நாற்பது பிள்ளைகளின் பொய்யைத் தினமும் கேட்டு அவர்களுக்கும் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து கேட்டுக்கு வந்தார்கள். பின்னாலேயே பத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"பிள்ளை படிக்கிற நோட்ட எடுத்துட்டுப் போயி என்ன செய்யுதீரு?"

மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"வீட்டுல ஒரு தேவைக்கும்மா."

"என்ன தேவை?"

செல்லத்தங்கம் என் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

"தப்புதாம்மா," என்றார் மாமா. "எல்லாத்தையும் கொண்டாந்து தந்திருதேன்."

அடுத்த முதல் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே, அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தார். மூன்று நோட்டுகளையும் வாழைநாரில் கட்டி மேட்ரனம்மா கையில் கொடுத்துவிட்டு, என்னைக் கூப்பிடச் சொல்லாமலே போய்விட்டார். அகப்பட்டுக்கொண்ட வெட்கம் என்று நினைத்தேன்.

கட்டைப் பிரித்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நோட்டு முழுக்கக் கிறுக்கல்! ஓரத்தில், வரிகளுக்கு நடுவே, என் கணக்குக்குப் பக்கத்தில், விட்ட இடமெல்லாம் பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்து. பாடத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தது. கணக்குகளைத் தனியாகப் போட்டுப் பார்த்திருந்தது. திருவிதாங்கூர் படத்தை மூன்று தடவை வரைந்து மூன்றாவது தடவைதான் ஆறு சரியாக ஓடியிருந்தது. இதுவும் டீக்கடைக்காரன் வேலையா, இல்லை கடைக்காரன் மகன் எவனாவதா என்று எனக்கு விளங்கவில்லை. அது எனக்கு வேண்டவும் இல்லை. என் நோட்டில் எவனோ கை வைத்திருக்கிறான், சவத்த! அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினேன். மாமா கொண்டுவந்த ரப்பர் உருண்டைகள் பெட்டியில் நாலைந்து கிடந்தன. இரண்டு நாள் சாயங்காலம் முழுக்க, தாள் தாளாக அழித்தேன். தூசியை ஊதி ஊதி வாய் வறண்டது. கணக்கு நோட்டில் ஒரு இடத்தில் மட்டும் கை நின்றது. ஒரு தொட்டியை ஒரு குழாய் நாலு மணி நேரத்தில் நிறைக்கும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில் நிறைக்கும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்? நாலையும் ஆறையும் கூட்டிப் பத்து மணி என்று நான் எழுதியிருந்தேன். டீச்சர் தூக்கக் கலக்கத்தில் சரி போட்டிருந்தாள். பக்கத்தில் பென்சில் கேட்டிருந்தது: 'ரெண்டையும் திறந்தால் சீக்கிரம்தானே நிறையணும்?' கீழே நாலு வரியில் வழி. இரண்டு மணி இருபத்துநாலு நிமிடம்.

போட்டுப் பார்த்தேன். பென்சில் சொன்னதுதான் சரி. என் விடையை அடித்து, அந்த நாலு வரியையும் என் மையில் அழகாக எழுதிக்கொண்டு, பென்சிலை அழித்துவிட்டேன்.

பரீட்சையில் தொட்டி வந்தது. எண் வேறு, வழி அதேதான். வகுப்பில் மூன்று பேர்தான் அதைச் சரியாகப் போட்டிருந்தார்கள். நான் இரண்டாவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவள் செல்லத்தங்கம். லேஸ் அறைக்குப் போனாள், என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

அந்தக் கோடை லீவுக்கு மாமா வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். நோட்டைப் பற்றி வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்ததைச் சொன்னபோது என் தலையில் கை வைத்து, "ஒங்கம்மை பாக்கக் கொடுத்து வைக்கல்லியே" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று. டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போனபிறகு ஒருநாள் மாமி சொன்னாள். மாமாவின் மகள் பகலெல்லாம் தம்பிமாரைப் பார்த்துக்கொண்டு, மரத்துக்கு மரம் ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டு, என் நோட்டு வரும் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பாளாம். போர்டிங்கில் அவள் கால் வைக்க முடியாது. நோட்டாவது வீட்டுக்கு வரட்டும் என்று மாமா நினைத்திருக்கிறார். "இதை மேட்ரனம்மாகிட்ட சொல்லக்கூடாதா மாமி?" என்று கேட்டேன். "சொன்னா, சொந்தப் பிள்ளையப் படிக்கவிடாம வீட்டுல வச்சிட்டுத் தங்கச்சி பிள்ளைக்கு எடம் வாங்கினியாக்கும்னு கேப்பாவ. அது ஒன் காதுல விழப்பிடாதுன்னு ஒங்க மாமாவுக்கு நெனப்பு" என்றாள். அன்று நான் சோறு தின்னவில்லை. அந்த நாலு நோட்டுக்குப் பிறகு அவள் எதையும் படிக்கவில்லை. யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் இடுப்பில் தம்பியோடு ஓடிவந்து, முதலில் என் தகரப் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, நோட்டு கொண்டாந்தியா?"

ஓகோ, இவளும் கூட்டா என்று நினைத்தேன். "இல்ல. போர்டிங்ல வாங்கி வச்சிட்டாவ" என்றேன். நோட்டுகள் பெட்டிக்குள்தான் இருந்தன. அவள் பார்க்கவே பெட்டியைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாவாடை முடிச்சை அவிழ்த்து, புதிதாக ஒரு ரப்பர் உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"நாந்தான் உருட்டுவேன். அப்பா கொண்டாந்து தந்ததெல்லாம் நான் உருட்டினதாக்கும். நல்லா அழிக்குதாட்டி?"

"நல்லா அழிக்குது," என்றேன். "ஒரு பொட்டு மிச்சமில்லாம அழிக்குது."

அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். தம்பியை இறக்கிவிட்டு, எனக்கு இன்னும் இரண்டு உருட்டித் தர ஓடினாள்.