ஒன்பதாவது அடி

என் தலைக்கு மேல் ஒரு குடும்பம் பதினான்கு வருடம் நடந்தது. நான் தையல்காரி. காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டேன். அதனால் மேல் வீட்டில் யார் எங்கே கால் வைக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஒட்டுக் கேட்கிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டா தைக்க முடியும்?

மேல் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிற மனுஷன், லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் மூச்சு வாங்கப் படியேறுவார். கேட்டால், "டாக்டர் வீட்ல யாரும் மருந்து சாப்பிடறதில்லக்கா" என்பார். மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒன்பது வயதில் ஒரே மகள். அவள் எடைக்கும் பேச்சுக்கும் பொருத்தமாகக் குருவி என்று கூப்பிடுவோம். கூடவே லிஃப்ட்காரரின் அண்ணன். அவருக்குக் கண் தெரியாது.

பிறவியில் வந்தது இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். இங்கே குடிவந்த புதிதில் ஒரு நாள் லிஃப்ட் அறையில் தம்பி பேட்டரிக் கம்பியை மாற்றி மாட்டிவிட்டார். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் முகத்தில் அது வெடித்தது. அண்ணன் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தம்பி கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. எதையும் இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "வாளி கதவோரம்." "நாற்காலி உள்ள." "ஜன்னல் திறந்திருக்கு." நாள் முழுக்க எனக்கு இதுதான் பாட்டு. குருவி பள்ளிக்கூடத்திலும் "பை கீழ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, வகுப்பே சிரித்ததாம்.

அண்ணன் அந்த வீட்டையும் தெருவையும் காலால் படித்து முடிக்க நாலு வருடம் ஆனது. அந்த நாலு வருடத்தில் இரண்டு முறை படியில் உருண்டார். ஒரு முறை முன்பல் போனது. வெட்கம் தாங்காமல் மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காமலும் கிடந்தார். ஆனால் எழுந்து வந்தார். எதிர்த்தெரு இரும்புக் கடையில் நட்டும் போல்ட்டும் பிரிக்கிற வேலை. விரலால் ஒரு தடவை தொட்டால் அளவைச் சொல்லிவிடுவார். கடைக்காரர் அவருக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அவர் கட்டிலிலிருந்து வாசலுக்குப் பதினேழு அடி. ஒன்பதாவது அடியில் ஜன்னலோரம் குருவியின் முக்காலி. நாலு வயதில் அவள் கொண்டுபோய்ப் போட்ட இடம் அது, வெளிச்சம் வருவதே அங்கேதான். எடுக்கப் போன தம்பியை அண்ணன் தடுத்தார். "இருக்கட்டும்டா, நான் சுத்திப் போயிக்கறேன்." அன்றிலிருந்து ஒன்பதாவது அடியில் இடதுபக்கம் ஒதுங்குவார். மற்ற அடிகளெல்லாம் தொம்தொம்மென்று விழும், அது மட்டும் சன்னமாகக் கேட்கும்.

இனி ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்தில் எட்டு மாதம் ஈரம். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. சுவரெல்லாம் பூஞ்சை, சுண்ணாம்பு அடித்தால் அடுத்த மாதம் மறுபடி கறுக்கும். அந்த ஈரம் குருவியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே வருடத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரி. கடைசி முறை டாக்டர் பூசி மெழுகவில்லை. "இந்த ஊர்ல வச்சுக்கிட்டு என்னால மருந்தக் கூட்டிக்கிட்டேதான் போக முடியும். வெயில் அடிக்கிற ஊராப் பாருங்க. சீக்கிரம் பாருங்க."

கம்பெனிக்கு வறண்ட வெயில் நகரம் ஒன்றில் கிளை இருந்தது, அங்கே ஓர் இடமும் காலியாக இருந்தது. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குப் போகாமல் என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீடு நல்ல வீடுக்கா. காலையில இருந்து வெயில். சுவத்தத் தொட்டா சுடுது."

"அப்புறம் என்ன தம்பி?"

"கண்ண மூடிக்கிட்டு அந்தத் தெருவுல நடந்து பார்த்தேன். பத்து அடி. அதுக்குள்ள ரெண்டு வண்டிக்காரன் திட்டிட்டான். எங்க அண்ணன் அங்க கதவத் தாண்ட மாட்டாருக்கா. சாகிற வரைக்கும் கட்டில்தான்."

பிறகு அந்த ஆள் என் மேஜையில் கிடந்த வெட்டுத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். போ என்றாலும் பாவம், இரு என்றாலும் பாவம்.

அண்ணன் கடைக்குப் போயிருந்த ஒரு நாள் மேலே சண்டை. "உங்க அண்ணன் கண்ணுக்கு என் பொண்ணு மூச்சுதான் ஈடா?" என்று மனைவி கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணனுக்குப் பதினான்கு வருடமாகச் சோறு போட்டவள் அவள். சொல்லிவிட்டு அவளே ஓவென்று அழுதாள்.

அண்ணனிடம் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. குருவியைக் கூட்டிப்போய் அந்த ஊரைக் காட்டிவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போவதாகப் பொய். மறுநாள் பயணம். எல்லாவற்றையும் காதும் காதும் வைத்தாற்போல் செய்தார்கள்.

சமையலறைக் கதவோரம் இடுப்பு உயரத்தில் ஓர் ஆணி. அதில் நான் தைத்துக் கொடுத்த துணிப்பை, அதற்குள் குருவியின் இன்ஹேலர். தூக்கத்தில்கூட அண்ணன் கை அங்கே போகும். பயணத்துக்கு முந்தின நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மறந்துவிடக் கூடாதென்று லிஃப்ட்காரர் அந்தப் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்த பயணப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சத்தமாகச் சொன்னால், ஆஸ்பத்திரிக்குப் போக எதற்குப் பெட்டி என்று அண்ணன் கேட்பார். அதனால் சொல்லவில்லை. பதினான்கு வருடத்தில் அந்த வீட்டில் சொல்லாமல் நகர்ந்த ஒரே பொருள் அதுதான்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வீட்டில் பள்ளிக்கூடம் போகாத குருவியும், அவளுக்குத் துணையாகக் கடைக்குப் போகாத பெரியப்பாவும் மட்டும். மேலே ஒரு ஓட்டம் கேட்டது. அடிக் கணக்கே இல்லாத ஓட்டம். பிறகு முக்காலி உருண்டது, தட்டு விழுந்தது, ஓர் ஆள் முழுசாகத் தரையில் விழுந்தார். தையலை அப்படியே போட்டுவிட்டுப் படியேறி ஓடினேன்.

நான் போனபோது அண்ணன் முழங்காலில் நின்று தரையெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். நெற்றியில் ரத்தம். "காணோம், காணோம், இங்கதான் இருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குருவி சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச முடியாமல் விரலால் கட்டிலுக்கு அடியில் காட்டினாள், காலையில் அப்பா வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். அவள் காட்டுவதை அவர் எப்படிப் பார்ப்பார்? நான் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தேன். துணிகளுக்கு நடுவில் நான் தைத்த பை கிடந்தது.

குழந்தைக்கு மூச்சுத் திரும்பியதும் தெருக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தாயும் நேரே அங்கே போய்விட்டாள். அண்ணன் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எங்க இருந்துச்சு தங்கச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். என் நாக்கு புரளவில்லை. "பயணப் பெட்டியிலண்ணே" என்றேன்.

சாயங்காலம் குருவி பிழைத்துவிட்டாள் என்ற செய்தியோடு லிஃப்ட்காரர் வந்தார். அண்ணன் காலடியில் உட்கார்ந்தார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"எந்த ஊருடா?" என்றார் அண்ணன்.

தம்பி சொன்னார்.

"வெயிலு நல்லா அடிக்குதா?"

"அடிக்குதுண்ணே."

"அப்பப் போங்க. நான் வரல."

"உன்ன விட்டுட்டு எப்படிண்ணே போவேன்? நாலு வருஷத்துல அங்கயும் பழகிக்கலாம். நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் அவர் தலையைத் தேடிக் கை வைத்தார். "இன்னொரு தடவ என்னால குருடாக முடியாதுடா. எனக்கு அம்பத்திரண்டு வயசு. அந்தத் தெம்பு இல்ல."

லிஃப்ட்காரர் தலையைத் தரையில் முட்டிக்கொண்டார். "என்ன ரெண்டாவது தடவ இதச் செய்ய வைக்காதண்ணே."

"ஆணியில என் கை போயி வெறும் சுவத்தத் தொட்டுச்சு. அது இன்னும் கையில இருக்கு. குழந்தையக் கூட்டிட்டுப் போ."

மாசக் கடைசியில் போனார்கள். கட்டில், நாற்காலி, வாளி எதையும் எடுக்கவில்லை. துணி மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். குருவி மட்டும் முக்காலிக்காக அழுதாள். எடுத்துக்கோ என்றார் பெரியப்பா. அவள் அதைத் தூக்கிக்கொண்டு, பழக்கப்படியே அவர் முன்னால் நின்று சத்தமாகச் சொன்னாள்.

"பெரியப்பா, முக்காலி இனிமே இங்க இல்ல."

"சரிடா கண்ணு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட்காரர் எனக்கு போன் செய்கிறார். குருவி வெயிலில் கறுத்துவிட்டாளாம், மாடிப்படியில் ஓடுகிறாளாம், இன்ஹேலரைத் தொட்டு ஆறு வாரம் ஆகிறதாம். "அண்ணன் எப்படிக்கா இருக்காரு?" என்று கேட்பார். நல்லா இருக்கார், கடைக்குப் போறார், நான் கொடுக்கறதச் சாப்பிடறார் என்பேன். அதெல்லாம் உண்மைதான்.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்வதில்லை. தினம் காலையில் மிஷினில் நூல் கோக்கும்போது மேலே அண்ணன் வாசலுக்கு நடப்பார். எட்டு அடி தொம்தொம்மென்று விழும். ஒன்பதாவது அடி வந்ததும் இடதுபக்கம் ஒதுங்கி, சன்னமாகக் கால் வைத்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்.