நெஸ்டா ஏறிய மொட்டை மாடி

தீவு நாட்டின் தலைநகரான ஹோனியாராவில் எங்கள் கடலோர ஓட்டலின் படுக்கை விரிப்புகளைப் பதினாறு வருஷமாகத் துவைத்தவள் நெஸ்டா. துவைத்ததை மொட்டை மாடியில் காயப்போடுவாள். மலைடாத் தீவின் கிழக்கு மலைக்காரி. வேலை நேரத்தில் பாக்கு மெல்லக் கூடாது என்று மேனேஜர் வருஷா வருஷம் எழுதி ஒட்டுவார். அந்தக் காகிதத்தைக் கிழித்துத்தான் சுண்ணாம்பு மடித்து வைத்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே குறை. ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டடம் இருந்தது, நர்ஸ் இல்லை. திறப்பு விழாவுக்கு மறுநாளே பன்றிகள் குடிவந்துவிட்டன. அவள் தங்கையைப் பிரசவ வலியோடு அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தூக்கி வந்தார்கள். கரை வந்து சேருவதற்குள் போய்விட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் புது மந்திரிக்கு நெஸ்டா கடிதம் எழுதினாள். நாலு கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது, கட்டடத்தின் படம் அனுப்பச் சொல்லி. அனுப்பினாள், பன்றிகளோடு.

அந்த வருஷம் யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. வழக்கம்போல இரண்டு கூட்டணியும் இரண்டு இடங்களில் முகாம் போட்டு, ஜெயித்தவர்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தின. எங்கள் ஓட்டல், ஒரு கூட்டணிக்குத் தலைவரான சோபுலேயின் முகாம். ஆட்சிக்கு இருபத்தாறு பேர் வேண்டும். அவரிடம் இருபத்தைந்து பேர் இருந்தார்கள்.

இருபத்தாறாவது ஆள் குவாலே. நெஸ்டாவின் மலைதான். சுயேச்சை. சர்ச்சுக்குப் போகாமல் முன்னோர்களைக் கும்பிடுகிறவர். ஒரு வாக்குறுதியும் கொடுக்காமல் ஜெயித்ததால் தொகுதியில் அவரிடம் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

தரைத்தளத்தில் கடலைப் பார்த்த அறையைக் கொடுத்தார்கள். குவாலே பையை வைத்தார், மேலே பார்த்தார், காலடிச் சத்தம் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பாதாம் மரத்தடியில் பாய் விரித்துக்கொண்டார்.

பேரம் தொடங்கிவிட்டது என்று சோபுலே நினைத்தார். மீன்வளம் தருவதாகச் சொன்னார். நல்ல இலாகா என்றார் குவாலே, எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை வனம். சாயங்காலம் துணைப் பிரதமர். அதுவும் நல்லதுதான் என்றார். எதிர்த்தரப்பு தங்கியிருந்த விடுதி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்கு மாடி கிடையாது.

நெஸ்டாவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. பழைய வழக்கத்தை விடாத ஆணின் தலைக்கு மேல் பெண் நடமாடக் கூடாது. நடந்தால் முன்னோர்கள் கோபிப்பார்கள், வீட்டில் நோய் விழும். மற்றவர்களின் மனைவிமார் இருக்கிற இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்வது வெட்கம். சோபுலே மேற்குத் தீவுக்காரர், அவருக்குத் தெரியாது. முகாமில் இருந்த மலைடா உறுப்பினர்களுக்குத் தெரியும். குவாலேவுக்கு ஏறுகிற விலை தங்களுக்கும் ஏறும் என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சோபுலே மாடியிலிருந்த தன் பெரிய அறையையே விட்டுக்கொடுத்தார். மனைவியோடு கீழே இறங்கினார். குவாலே மேலே போனார். மொட்டை மாடியில் நெஸ்டா வாளியோடு நடந்தாள். குவாலே திரும்பவும் மரத்தடிக்கு வந்துவிட்டார்.

பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்புக்கு மூன்று நாள் இருந்தது. ஊழியர்கள் உறுப்பினர்களோடு பேசக் கூடாது என்பது முகாம் விதி. நெஸ்டா நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய் சோபுலே எதிரில் நின்றாள்.

"ஐயா, அவருக்கு இலாகா பிரச்சனை இல்ல. என் காலுதான் பிரச்சனை."

விளக்கிச் சொன்னாள். சோபுலே நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"இவ்வளவுதானா? நான் துணைப் பிரதமர் வரைக்கும் போயிட்டேனேம்மா. துணியக் கீழ காயப்போடு."

"போடலாம். எங்க ஊருக்கு நர்ஸ் வரட்டும்."

"ஆட்சிக்கு வந்ததும் முதல் கையெழுத்து அதுதான்."

"நாலு ஆட்சி பாத்துட்டேன் ஐயா. நர்ஸ் ஊரு போய்ச் சேந்த சேதி வரணும். அப்புறம் எறங்குறேன்."

"நான் இன்னும் பிரதமரே ஆகலையே."

"நானும் இன்னும் எறங்கலையே."

சொன்னவள் மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வேலையை விட்டு நீக்கியதாக மேனேஜர் கீழிருந்து கத்தினார். அப்படியானால் இறங்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை என்றாள். காவலாளிகளை அனுப்பினார். அவர்களும் மலைடாக்காரர்கள். அடுத்தவர் வீட்டுப் பெண் மேல் கை வைத்தால் அவள் அண்ணன்மாருக்கு யார் நஷ்டஈடு கட்டுவது என்று கேட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்து அவளிடம் பாக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சமையலறையிலிருந்து நாங்கள் மரவள்ளிக் கிழங்கும் மீனும் அனுப்பினோம்.

பழைய சுகாதார மந்திரி சோபுலே பக்கம் இருந்தார், நாற்காலியும் இன்னும் அவரிடம்தான். முகாமில் இருந்த ஒரே போனில் யாரையோ திட்டினார். அன்று சாயங்காலக் கப்பலில் ஒரு நர்ஸ் ஏறினாள்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் மலையிலிருந்து ரேடியோவில் சேதி வந்தது: நர்ஸ் வந்தாச்சு, பன்றிகள் போக மறுக்கின்றன.

நெஸ்டா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு வாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். குவாலே ஏறினார். அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கடந்து போகும்போது தன் பாக்குப் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். பொழுது சாயும்வரை தூங்கினார்.

மறுநாள் இருபத்தாறு ஓட்டு விழுந்தது. பிரதமராகிவிட்ட சோபுலேயின் விரிப்புகளை வேறு யார் துவைத்தாலும் அவருக்குத் தூக்கம் வராது என்று அவர் மனைவி சொன்னதால், மேனேஜர் நெஸ்டாவை நீக்கியதை மறந்துவிட்டார்.

ஏழாம் மாதம் குவாலே அந்தப் பக்கம் போனார், ஆட்சி கவிழ்ந்தது. புது மந்திரிகள் பழைய உத்தரவுகளை எல்லாம் தேடித் தேடி ரத்து செய்தார்கள். நர்ஸை அனுப்பியதற்கு உத்தரவே இல்லை. அதனால் அவளை மட்டும் திரும்பக் கூப்பிட முடியவில்லை.